பாலப்பள்ளம் ஃபீடர்

கருங்கல் துணை மின்நிலையத்தில்
இரவுப் பணி எனக்கு.
மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்
மீட்டர் முள்ளைப் பார்த்து
பதிவேட்டில் ஏற்ற வேண்டும்:
வோல்ட் இவ்வளவு, ஆம்பியர் இவ்வளவு,
எண்ணெய்ச் சூடு இவ்வளவு.
மனம் வந்ததா என்று
அந்த ஏடு ஒருநாளும் கேட்டதில்லை.
கட்டம் இருக்கிறது, நிரப்பு.

ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே
ஐம்பது நிமிடம் மிஞ்சும்.
அதில்தான் என் நாவல் நடக்கிறது.
நடக்கிறது என்றது பொய்.
பதினோரு இரவாக
வறுவேல் தன் வீட்டு வாசலில்
ஒற்றைச் செருப்போடு நிற்கிறான்.
குளச்சலுக்குப் போய்
வள்ளத்தின் பங்குப்பணத்தைக் கேட்கவேண்டியவன்.
படியிறங்க மாட்டேன் என்கிறான்.

என்னென்னவோ செய்து பார்த்தேன்.
அவன் வாசலில் மழை பெய்யவைத்தேன்.
ஒரு நாயை அனுப்பினேன்.
நாய் நன்றாக வந்திருக்கிறது,
இரண்டு பக்கத்துக்கு.
ராத்திரிக்கு மூன்று கட்டஞ்சாயா.
நாளுக்கு ஐந்நூறு சொல் என்று
சிவப்பு மையில் எழுதி
சுவரில் ஒட்டினேன்.
அதன் பின்னால் பல்லி முட்டையிட்டிருக்கிறது,
அதுவாவது நடந்தது.

சென்னையிலிருந்து பதிப்பாளர் கூப்பிடுவார்:
"அடுத்த அத்தியாயம் எப்ப வரும் சார்?"
மிடாலத்திலிருந்து யாரோ கூப்பிடுவார்:
"கறண்டு எப்பம் வரும் ஓய்?"
இருவருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்.
"இன்னா, வேலை நடக்குது."

நேற்று ஒன்றரைக்குக் காற்று.
பின்னாலேயே இடி.
பாலப்பள்ளம் ஃபீடர் டிரிப்.
ஒருமுறை போட்டேன், நிற்கவில்லை.
மறுபடி போடுவது முட்டாள்தனம்,
எங்கே கம்பி அறுந்து
யார் முற்றத்தில் கிடக்கிறதோ.
ஞானதாஸைக் கூப்பிட்டேன்.

ஞானதாஸ் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
மேலே பார்த்தபடியே நடக்கிற ஆள்.
கரண்டு போன வீட்டு முன்னால் போய் நிற்கமாட்டார்.
"இருட்டு கெடக்க எடத்திலயா ஓய்
கோளாறு கெடக்கும்?"
இங்கிருந்து தொடங்கி
ஒவ்வொரு போஸ்ட்டாக.

அவர் நடந்த நேரத்தில்
எனக்கு அந்தக் கட்டத்தில் எழுத
சுழியத்தைத் தவிர ஒன்றுமில்லை.
வறுவேலை வாசலிலேயே விட்டுவிட்டு
முதல் பக்கத்திலிருந்து நானும் நடந்தேன்.
மூன்றாம் அத்தியாயம் சரி.
நான்கில் வேண்டாத நிலா ஒன்று, அடித்தேன்.
ஏழில் கிடந்தது.
தங்கை பெனிலாவின் கடிதத்தை
அவசரப்பட்டு
அவன் கையில் கொடுத்திருந்தேன்.
அழகாக அழுதிருந்தான்.
எனக்குப் பிடித்த பக்கம் அது.
இரண்டு பேருக்குப் படித்தும் காட்டியிருக்கிறேன்.
பணம் போன இடம் அன்றைக்கே தெரிந்தவன்
எதற்குக் குளச்சலுக்குப் போகிறான்?
பதினோரு நாளும்
அவன்தான் சரி.

கடிதத்தைப் பிடுங்கி
பெனிலாவின் வேதபுத்தகத்துக்குள் வைத்தேன்.
நான்கு பக்கம் போயிற்று.
அழுகை போயிற்று.
மழை நின்றது, நாயும் போனது.
நாய்க்காகத்தான் கொஞ்சம் வருத்தம்.

மூன்று ஐந்துக்குப் போன்:
"தென்னமட்டை.
எடுத்தாச்சு. நான் எறங்கியாச்சு. போடும்."
கைப்பிடியைத் திருப்பினேன்.
நின்றது.
யாரும் கூப்பிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
ஃபேன் சுற்றினால் ஊர் உறங்கிவிடும்.

நான்கு மணிப் பதிவுக்கு முன்னால் ஆறு வரி.
ஐந்துக்குள் இன்னும் நாலு,
அதில் இரண்டு மோசம்.

காலையில் மாற்றுக்கு வந்த ராஜையன்
ஏட்டைப் புரட்டிக்கொண்டே வந்து
குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தார்.
என் கையெழுத்தேதான்:
'பாலப்பள்ளம் ஃபீடர் இயல்பு. வறுவேல் இறங்கிவிட்டான்.'

"இது யாரு ஓய் வறுவேல்?
எந்தப் போஸ்ட்டில ஏறுனான்?"
"புது ஆளு" என்றேன்.
"இப்பம் பஸ் ஸ்டாப்பில நிக்கான்.
இண்ணைக்கு ராத்திரி
பஸ்ஸ வரவைக்கணும்."
அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

பைக்கில் திக்கணங்கோடு தாண்டும்போதுதான்
உறைத்தது:
அவன் காலில் இன்னும்
ஒரு செருப்புதான்.