ஐந்து கட்டை

ஹெலிகாப்டர் இன்றும் எழும்பாதாம்,
காலை ஏழு மணிக்கே செய்தி வந்துவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் இல்லை,
எதிர்வீட்டு பிக்கப் வண்டி இல்லை,
வேலியில் மூன்று கட்டை மட்டும் தெரிந்தது.
நியூஃபவுண்ட்லாந்தில் ஜூன் மாதம் இப்படித்தான்.
கேப்லின் மீன்கள் கரையில் வந்து புரளும்,
கூடவே மூடுபனியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
எழுந்து போக மனமில்லாத விருந்தாளி மாதிரி.

டெர்ட்ரி கடலில் இருக்கிறாள், எண்ணெய் மேடையில்.
மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே.
இது மூன்று வாரமும் நாலு நாளும்.

சனிக்கிழமை வேறு.
அலமாரியில் கைக்கு எட்டியதை இறக்கினேன்.
வேர்க்கடலை வெண்ணெய், பால்பவுடர்,
தேன் அடைத்த கரடிப் புட்டி.
கரடியைத் தலைகீழாக நிறுத்திவிட்டு
மூவரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அலமாரிக் கதவின் உள்பக்கம் அவள் கையெழுத்து:
‘ஒட்டினால் பவுடர். உதிர்ந்தால் தேன்.’
அளவு எதுவும் எழுதவில்லை.

பிசைந்தேன்.
நாலு நாளாக வயிற்றைப் பிசைந்தது
கைக்கு இறங்கிவந்தது, அவ்வளவுதான்.

ஆம்ப்ரோஸ் நாலு வயதுக்காரன்.
திமிங்கிலம் பிடிக்கப் போய்
உருளைக்கிழங்காய் முடிந்தது.
ஸ்பூனால் ஒரு வாய் கீறி
திமிங்கிலம்தான் என்று சாதித்தான்,
பிறகு தின்றான்.
நாய் செய்தான், தின்றான்.
படகு செய்ய ஆரம்பித்து
பாதிப் படகிலேயே தின்றான்.

நெஸ்ஸா ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை.
உப்புக் குச்சி பிஸ்கட்டில் நாலு கால் நட்டு
மேலே தளம் பரப்பி, ஏணி கீறி,
தளத்தின் ஓரத்தில்
கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆளை நிறுத்தினாள்.
காரட் சீவலில் ஆரஞ்சு உடுப்பு.
உலர்திராட்சையில் காதுமூடி.
யாரென்று நான் கேட்கவில்லை.

கிண்ணம் கழுவத் திரும்பினேன்.
மறுபடி பார்த்தபோது
அந்த ஆளுக்கு இடது கை இல்லை.
ஆம்ப்ரோஸின் வாய் மூடியிருந்தது.
நெஸ்ஸா கத்தவில்லை,
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.
மெதுவாகச் சொன்னாள்:
‘அது அம்மா ஏணி பிடிக்கிற கை.’

அவன் கண் இரண்டும் பெரிதாகி
மென்றதை உள்ளங்கையில் துப்பி
தோளில் வைத்து அழுத்தினான்.
ஒட்டிக்கொண்டது.
கொஞ்சம் ஈரமான கை.

சாயங்காலம் வீடியோ அழைப்பு.
அவள் முகம் நின்று நின்று வந்தது,
குரல் முதலில், உதடு பிறகு.
ஆம்ப்ரோஸ் போனைப் பிடுங்கிக்கொண்டான்.
‘இடது கையைக் காட்டு.’
காட்டினாள்.
‘விரலை ஆட்டு.’
ஐந்து விரலும் துண்டு துண்டாய் அசைந்தன.
‘வலிக்குதா?’
‘இல்லையே’ என்றாள்,
‘மத்தியானம்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது,
யாரோ நக்கின மாதிரி.’

நெஸ்ஸா முதலில் சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை,
தன் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தான்.
மத்தியானமே நான் படம் அனுப்பியிருந்தேன்,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் செய்ததும் ஒன்று இருந்தது.
மிச்ச மாவில் ஒரு ஹெலிகாப்டர்.
தேன் கூடிப்போனதால்
விசிறி நாலும் தொங்கிவிட்டது,
மழையில் நனைந்த காக்கை போல.
சிங்க்கில் போடத்தான் எடுத்துவைத்தேன்.

இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் பிடிக்காமல்
பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால்
முட்டை அட்டைக்குப் பக்கத்தில் எண்ணெய் மேடை.
பக்கத்தில் யாரோ என் ஹெலிகாப்டரைக்
கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.
குளிரில் இறுகி
விசிறி நாலும் நேராக நின்றது.
கதவு மணி அடிக்கும்வரை திறந்தே வைத்திருந்தேன்.

விடிந்ததும் ஜன்னலில் எண்ணிப் பார்த்தேன்,
வேலியில் ஐந்து கட்டை.
இன்னொரு தரம் எண்ணினேன்.
பின்னாலிருந்து ஆம்ப்ரோஸ்
காலைச் சாப்பாட்டுக்குத் திமிங்கிலம் கேட்டான்.