ஈரப்பதம்

டார்வினும் ஜஸ்டஸும் போட்ட ஆல்பத்துக்கு
அதுதான் பெயர்.
ஆறு டிராக், நாற்பத்தேழு நிமிடம்,
ஒரு சொல் கிடையாது.
டிரம்ஸும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
ஏனென்றால் டிரம்ஸ் நான்.

கோஸ்டல் பீட்ஸ் என்று ஐந்து பேர் இருந்தோம்.
வேர்க்கிளம்பி முதல் மணக்குடி வரை
'ஷைனி ஷைனி' பாடாமல்
எந்தக் கோயில் திருவிழாவிலும் கொடி இறங்காது.
இப்போது தக்கலையில் எனக்கு ஜெனரேட்டர் வாடகைக் கடை.
கேட்டவர்கள் எல்லாம் என்னிடம் வந்து சொல்கிறார்கள்,
நான்தான் புகார்ப்பெட்டி என்பதுபோல.

டெம்போ பென்சிகர்:
"வடசேரியில போட்டேன்.
பாட்டு இப்பம் தொடங்கும், இப்பம் தொடங்கும்னு
குழித்துறை வந்தாச்சு.
பொறவு பாத்தா முடிஞ்சு கெடக்கு."

குளச்சல் சவுண்ட் செட் சூசைமிக்கேலுக்கு
பேஸ் இல்லாததுதான் விசனம்.
கடன் வாங்கி எட்டுப் பெட்டி இறக்கியவன்
எதைக் கொண்டு சன்னலை நடுங்கவைப்பான்?

குலசேகரத்தில் ரப்பர் வெட்டும் புஷ்பபாய்
மூன்றாவதை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள்.
"மத்தவியளுக்கு இது மழை.
எனக்குத் தெரியாதா, சிரட்டையில பால் சொட்டுகது.
ஆனா இது வெயில் ஏறின பொறவு உள்ள சொட்டு.
பிந்திப் போய் எடுத்திருக்கான் பய."

ஷார்ஜா குளிர்கிடங்கிலிருந்து மாஹீன் வாய்ஸ் அனுப்பினான்:
நாலாவது டிராக் எப்படி இருக்கும் என்றே தெரியாதாம்,
அதற்குள் தூங்கிவிடுகிறானாம்.
"கொள்ளாம் மாப்ளே. அவனுவளுக்கு ஒரு சலாம் சொல்லு."

கிளாடிஸ் இப்போது கணக்கு டீச்சர்.
"என் குரல எடுத்துட்டு மிச்சத்த வித்திருக்கானுவ"
என்று சிரித்தாள்.
இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டு,
"அஞ்சாவதுல நடுவுல கொஞ்சம் எடம் கெடக்கு, கேட்டியா?"
பாடிப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை.
பின்னால் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

நான் கேட்டது ஒரு கரண்ட் இல்லாத ராத்திரி,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.
டீசல் கேன் மூடியில்
விரல் தானாக எண்ணத் தொடங்கிற்று:
ஒண்ணு ரெண்டு மூணு நாலு.
எங்கே நுழைந்தாலும் அது நகர்ந்து வழிவிட்டது,
யாரும் சண்டைக்கு வராத தெரு மாதிரி.
எனக்கு எரிச்சல்தான் வந்தது.
மறுபடி கேட்டேன். அதற்கடுத்த நாளும்.
எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றால் பொய்.
கொஞ்சம் மெதுவாக எண்ணினேன்.

நேற்று டார்வின் போனில்,
"எல்லாரும் சொல்லியாச்சு. நீ ஒண்ணும் சொல்லல்லியே?"

"ரெண்டாவதுல இடப்பக்கம் ஒரு இரைச்சல் உண்டு.
ஒன் வீட்டு பிரிட்ஜ்.
ஆறாம் நிமிசம் அது நின்னு, பொறவு எடுக்கும்போ
ஒரு தட்டு விழும் பாரு, டக்குன்னு.
ஆல்பத்துல அது ஒண்ணுதான் டைமிங்ல விழுந்திருக்கு.
அத எடுத்துடாத."

கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும்.

"பிரிட்ஜ் இல்லடே" என்றான்,
"ஜஸ்டஸ் வீட்டு மோட்டாராக்கும்."

"பிரிட்ஜ்தான்" என்றேன்.