இடது கண்

புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில்
கல்யாண வீடியோ கேமரா ஒன்று
செத்துக் கிடந்தது. முந்நூற்றைம்பது சொன்னான்,
இருநூறுக்குப் படிந்தது.

எனக்கு வேண்டியது அதன் கண் மட்டும்.
புளியங்கொட்டை அளவில் ஒரு திரை,
கறுப்பு வெள்ளை.
எத்தனை தாலி பார்த்திருக்குமோ.

புதிதாய் வாங்கினால் மூன்று மாதச் சம்பளம்.
இதற்கு ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம், எம்-சீல்,
இடுப்பில் பவர் பேங்க்,
சீட்டுக்கட்டு போல ஒரு கம்ப்யூட்டர்.
சட்டம் இடப்பக்கம் சாய்ந்தது.
வலப்பக்கம் இரண்டு ரூபாய் நாணயம் ஒட்டினேன்,
நிமிர்ந்துகொண்டது.

கடலூர் முதுநகரில் நாலரை மணி ஏலம்.
இரண்டு கையும் ஐஸிலும் செதிலிலும்,
போனைத் தொட முடியாது.
இப்போது
இடது கண்ணில் கணக்கு,
வலது கண்ணில் வஞ்சிரம்.

"கண்ணுல ஆபரேசனா?" என்றாள் அஞ்சலாட்சி.
கழற்றி அவளுக்கு மாட்டினேன்.
எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
தலையை ஆட்டினாள், பிறகு நின்றாள்,
உதடசையப் படித்தாள்:
அஞ்சலாட்சி, பாக்கி நாலாயிரத்து நூறு.

"எழுநூறு போன வெள்ளிக்கிழமையே குடுத்தேனே."

கொடுத்திருந்தாள். ஐந்நூறும் இரண்டு நூறும், ஈரமாக.
அழிக்கத் தேடினேன்.
தெரிவதற்கு எல்லாம் செய்திருந்தேன்,
திருத்துவதற்கு ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை.

வெயில் ஏறும்வரை
நாலாயிரத்து நூறு நாலாயிரத்து நூறு என்றது
இடது கண்.
வலது கண்ணை
அவள் கூடைப் பக்கம் திருப்பவில்லை.