வலமிருந்து வாசிப்பவன்

மூன்று வாரமாக மருந்துக்கடை ரசீதுகளின் பின்பக்கத்தில்
ஓட்டல்களைக் குறித்து வைத்தேன்.
சனி மதியம், சனி இரவு, ஞாயிறு மதியம்.
மூன்றே மூன்று வேளை.
ஒரு மந்திரிசபை அமைப்பதுகூட
இத்தனை சிரமமாக இருக்காது.

மில்லராய்க்குப் பதினாறு.
செவ்வாய்க்கிழமை பல் துலக்கியபடி
இனி மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்றாள்.
புதன்கிழமை கோழியும் போனது.
மீனைப் பற்றி இன்னும் யோசிக்கிறாள்.
மீனுக்குப் பக்கத்தில் நான்
ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்,
தூண்டில் முள் மாதிரி.

கஸ்பாருக்குப் பதின்மூன்று.
இரவு பதினொன்றுக்கு
குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்றபடியே
அரை ரொட்டியை முடிப்பவன்.
எங்கே போகலாம் என்றால்
எங்கேயாவது என்பான்.
அந்தப் பெயரில் சாந்தியாகோவில் கடை இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

தால்காவிலிருந்து காலை ரயில்.
மே மாதம், திராட்சைத் தோட்டங்கள் பழுப்பேறிக் கிடந்தன.
மேசைவிரிப்பு போட்ட ஓர் இடத்தைப் படித்துக் காட்டினேன்.
"மேசைவிரிப்பு இருந்தால்
குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும், அம்மா."
அவள் போனை நீட்டினாள்.
சிவப்பு விளக்கு தொங்கும் நூடுல்ஸ் கடை.
ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டுமாம்,
அதுதான் சிறப்பாம்.
கீழே ஒருவர், சாப்பிட்டுவிட்டு அழுதேன் என்கிறார்.
இன்னொருவர், உப்பு அதிகம் என்கிறார்.
இருவரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டிருப்பார்களோ.

ஐம்பது நிமிடம் நின்றோம்.
உட்கார்ந்ததும் அவள் காளான் என்றாள்.
கஸ்பார் மெனுவை வாங்கினான்.
அப்போதுதான் பார்த்தேன்.
அவன் கண் வலப்பக்கத்தில் இறங்குகிறது.
பெயர்களைத் தொடவே இல்லை.
எண்களின் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி
ஆகக் கீழே நின்று,
அதற்கு எதிரே என்ன இருக்கிறதென்று
இடப்பக்கம் திரும்பினான்.
"எனக்கு சூப் போதும். பசியில்லை."

யார் சொல்லிக் கொடுத்தது?
சமையலறையில் நான் கணக்குப் பார்க்கும்போது
கதவைச் சாத்தித்தான் வைப்பேன்.
அந்தக் கதவு கீழே இரண்டு விரற்கடை குறைவு.
மார்ச்சில் பள்ளி திறந்தபோது
புதுக் காலணி வேண்டாம் என்றான்,
பழையது இப்போதுதான் காலுக்குப் பழகியது என்று.
நானும் நம்பினேன்.
நம்புவது அந்த மாதம் வசதியாக இருந்தது.

மெனுவை மேசைமேல் விரித்து
வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடினேன்.
"இப்போது படி."
காது சிவந்தது அவனுக்கு.
மில்லராய் போனைக் கவிழ்த்து வைத்தாள்,
அன்றைக்கு முதல் தடவை.
பரிமாறுகிறவர் பென்சிலோடு காத்திருக்க
என் கை அங்கேயே கிடந்தது,
மோதிரம் இருந்த இடம் இன்னும் வெளுப்பாக.
அவன் வாய்விட்டுப் படித்தான்,
சின்ன வயதில் படிக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாக:
பன்றி விலா, இரண்டு முட்டை, வறுத்த பூண்டு.
"இது."
சின்னக் கிண்ணமா பெரியதா என்றார்.
பெரியது என்றாள் மில்லராய்,
நான் வாய் திறப்பதற்குள்.

மறைப்பானேன்,
மேசைவிரிப்பு இடம் அதோடு போயிற்று.
இரவு, தெருமுனை வண்டியில் கம்ப்ளீத்தோ:
பிளந்த பன்னில் சாசேஜ், மேலே தக்காளி,
அதற்கும் மேலே கை நிறைய அவகாடோ.
சாசேஜ் வேண்டாம் என்றாள்.
கடைக்காரர் இரண்டு முறை கேட்டு,
துக்கம் விசாரிப்பவர்போலத் தலையாட்டினார்.
ஞாயிறு காலை விடுதியில் இலவச உணவு.
ரொட்டியும் அவித்த முட்டையும்
மூவரின் கோட்டுப் பைகளுக்குள்ளும் போயின,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே.

ரங்காகுவா தாண்டியதும்
கஸ்பார் முட்டையை உரித்தான்.
மெதுவாகக் கேட்டான்:
"மொத்தம் எவ்வளவு ஆச்சு?"
உப்பு இருக்கிறதா என்று அக்காவைக் கேள், என்றேன்.
அவள் சட்டைக் கைமடிப்பிலிருந்து
அந்த நூடுல்ஸ் கடையின் உப்புப் பொட்டலத்தை எடுத்து,
முட்டை எந்தப் பட்டியலில் சேரும் என்று
கொஞ்சம் யோசித்து,
பாதி கேட்டாள்.