தெரியவில்லை: ஒன்று

மார்ச் மாதம். ஏரியின் மேல் நின்றோம்.
அறுபது சென்டிமீட்டர் பனிக்கட்டி,
கீழே நீர், அதற்கும் கீழே சேறு.
இர்மெலி வாத்தனென் குழாயை இறக்கினாள்.
குறிப்பேட்டைத் திறந்தேன்; பேனா உறைந்திருந்தது.
தன் பென்சிலைத் தந்தாள்.

ஏரி தன் நாட்குறிப்பை எழுதி வைத்திருக்கிறது
என்று அன்றிரவே தட்டச்சு செய்தேன்.
எனக்குப் பிடித்த வரி.
ஆசிரியர் ரௌனியோவுக்கு இன்னும் பிடித்தது,
தலைப்பாகவே வைக்கலாம் என்றார்.

பிழை பார்க்க அவளிடம் வாசித்தேன்.
"நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு
எதை விடலாம் என்று தெரியும்.
சேற்றுக்குத் தெரியாது. விழுந்தது கிடக்கிறது.
வேண்டுமானால் வந்து பார்."

போனேன். ஓலு நகரம், ஜன்னல் இல்லாத அறை.
மூன்று நாள் அவள் பக்கத்தில் முக்காலி.
நுண்ணோக்கியில் பைன் மகரந்தம்:
ஒரு மணி, இருபுறமும் இரண்டு காற்றுப் பைகள்.
காதுகள் போல என்று எழுதி
'போல'வை அடித்தேன்
பிறகு காதுகளையும்.
அவள் கட்டைவிரல் எண்ணியை அழுத்தியபடி இருந்தது.
பிர்ச், பிர்ச், பைன், பிர்ச்.
அவள் சாக்ஸ் ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தது.
அதை எழுதினேன்.

இரண்டாம் நாள் மாலை விரல் நின்றது.
"ரை தானியம். பக்கத்திலேயே கரித்துகள்.
யாரோ காட்டை எரித்து விதைத்திருக்கிறார்கள்."
எப்போது?
"நானூறு வருடம். கூடக் குறைய நாற்பது."

கூடக் குறைய நாற்பதை ரௌனியோ வெட்டினார்.
வாசகர் தடுமாறுவாராம்.
நான் திரும்ப வைத்தேன். அவர் திரும்ப வெட்டினார்.
கடைசியில் இப்படி எழுதினேன்:
அந்த நாற்பது வருடத்துக்குள்
ஒருத்தி பிறந்து, பிள்ளை பெற்று,
அறுவடை பொய்த்த ஒரு குளிர்காலத்தில் செத்திருக்கலாம்.
அவள் அந்த வயலுக்கு முந்தியவளா பிந்தியவளா
என்று சேறு சொல்லாது.
ரௌனியோ வெட்டவில்லை.
இர்மெலி இரண்டு முறை படித்துவிட்டு
"செத்திருக்கலாம், சரி" என்றாள்,
'கலாம்' மேல் விரல் வைத்து.

நானூற்றுப் பன்னிரண்டு மணிகள்.
நானூற்றுப் பதினொன்றுக்குப் பெயர் இருந்தது.
கடைசிக் கட்டத்தில் அவள் எழுதியது:
தெரியவில்லை, ஒன்று.
கட்டுரையை அங்கேயே நிறுத்தினேன்.
முடிவைக் காணோமே என்றார் ரௌனியோ.

ஞாயிறு காலை தொலைபேசி.
கூமோவிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர்,
பெயர் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை.
"அந்த ஒன்று. என்னவென்று தெரிந்ததா?"
இன்னும் இல்லை என்றேன்.
சரி என்றார்.
போனை வைக்கவில்லை.