மண்ணுக்கு ஒரு குடம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு
ஒரு ஜோடி செருப்பு உண்டு.
நீல வார், இடது குதிகால் தேய்ந்தது.
அதில் ஏறி நின்றுதான்
யாரும் கதவைத் திறக்க வேண்டும்,
பாலுக்கு, மாவுக்கு,
நடுராத்திரியில் திருடும் ஐஸ் கட்டிக்கு.
"லேசா கிள்ளும், அவ்ளோதான்" என்பாள் அம்மா,
மடியில் கிடக்கும் பிள்ளையைச் சொல்வதுபோல.

வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
நான் பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு.
மூன்று பின் பிளக்கில் ஒன்று மட்டும்
நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது ஏன்?
இரண்டு மதிப்பெண்.
முதலில் மண்ணைத் தொடுவதற்கும்
கடைசியாக மண்ணை விடுவதற்கும்
என்று எழுதி
இரண்டையும் வாங்கினேன்.

அதே வாரம் ஃப்ரிட்ஜின் பின்னால் விழுந்த
கம்மலைத் தேடிக் கையை நுழைத்தேன்.
ஒட்டடைக்கு நடுவே பிளக்.
இரண்டே பின்.
சாக்கெட்டில் நுழையவில்லை என்று
ஏழு வருஷத்துக்கு முன் அப்பா
கட்டிங் பிளேயரால் நறுக்கிய மூன்றாவதன்
வெட்டுவாய் இன்னும் பளபளத்தது.

டெஸ்டரைக் கதவில் வைத்தேன்.
பிடிக்குள் ஒரு சிவந்த மினுக்கு.
அது எரிய வேண்டுமானால்
என் விரலில் ஏறி, பாதத்தில் இறங்கி
தரைக்குப் போயாக வேண்டும் மின்னோட்டம்.
நடுவில் ஒரு மெகா ஓம் காவல் இருப்பதால்
பேனா பிடித்த கை
மறுபடி பேனா பிடிக்கிறது.

காவல் இல்லாமல்,
குளித்த ஈரத்தோடு, வெறுங்காலோடு
தம்பி ரூபன் தொட்டால்?
230ஐ ஆயிரத்தால் வகுத்தேன்.
நோட்டில் 0.23.
ஒரு பையன் செத்துப்போக
அதில் பாதி போதும்.
புள்ளிக்குப் பின்னால் எழுதினால்
எதுவும் சின்னதாகத்தான் தெரிகிறது.

மெயினை இறக்கிவிட்டு
காதர் பாய்க்குப் போன் போட்டேன்.
போர்டைக் கழற்றினார்.
சுவருக்குள் பச்சை வயர்
எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடந்தது.
கட்டின நாளிலிருந்தே அப்படி.

சாக்கெட்டை மாற்றினார், பிளக்கை மாற்றினார்.
பிறகு நூறு வாட் பல்பு ஒன்றை எடுத்து
ஒரு முனையை ஃபேஸில்,
மறுமுனையை எர்த்தில்.
"முழுசா எரியணும்" என்றார்.
காய்ச்சல்காரன் கண்மாதிரி எரிந்தது.

பல்பும் மண்ணும் தொடரிணைப்பில்.
இருக்கும் வோல்ட்டை இருவரும் பங்கு போட
மண் தன் பங்கை
அதிகமாகக் கேட்டது.
"குழி காஞ்சு கெடக்குது பாப்பா."

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது குழி,
யாருடைய ஸ்கூட்டியோ நிற்கும் இடத்தில்,
துருப்பிடித்த மூடிக்குக் கீழே.
கரி, உப்பு, ஒரு குழாய்.
மூன்று மாடி, பன்னிரண்டு வீடு,
அத்தனை ஃப்ரிட்ஜும் மோட்டாரும் அயர்ன் பாக்ஸும்
ஆபத்தில் ஓடி வர வேண்டிய இடம்
மே மாசத்து வெயிலில்
வாயைத் திறந்து கிடந்தது.

அன்றைக்கு லாரி தண்ணி.
வீட்டுக்கு எட்டுக் குடம் கணக்கு.
ஏழை மேலே ஏற்றினேன்.
எட்டாவதைக் குழியில் கவிழ்த்தேன்.

இரண்டாம் மாடி குணவதி அக்கா
பால்கனியிலிருந்தே ஆரம்பித்தாள்:
"குடிக்கவே இல்ல, மண்ணுக்கு ஊத்துறா பாரு.
படிச்ச திமிரு."
"உன் வாஷிங் மெஷினும்
இங்கதான்க்கா வந்து எறங்கணும்" என்றேன்.
அவள் நம்பவில்லை.
இறங்கி வந்து
ஸ்கூட்டியை மட்டும் தள்ளி நிறுத்தினாள்.

மறுநாள் பாய் வந்து பார்த்தபோது
பல்பு கொஞ்சம் வெளுத்திருந்தது.
"இன்னும் ரெண்டு குடம்" என்றார்.
கதவில் டெஸ்டர் எரியவில்லை.
அழுத்தி வைத்துப் பார்த்தேன், எரியவில்லை.

சாயங்காலம் அம்மா
நீலச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான்
பால் எடுத்தாள்.
"இனிமே கிள்ளாதும்மா."
"தெரியும்டி," என்றாள்.
"காலு கேக்க மாட்டேங்குது."

நான் செருப்பை எடுத்து வைக்கவில்லை.
ரப்பரும் பாடத்தில் இருக்கிறது.