வெள்ளிக்குள் மீட்க வந்தவள்

டி.வி.யில் ஒருவர் நாள் குறித்திருந்தார்:
டிசம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை.
மாயன் காலண்டர் அத்தோடு தீர்கிறதாம்.
தேவகோட்டை பஸ்ஸில், ரேஷன் வரிசையில்,
பல் டாக்டர் வாசலில்கூட இதே பேச்சு.
"வட்டியை வெள்ளி வரைக்கும் போட்டாப் போதுமா தங்கச்சி?"
எங்கள் அடகுக்கடையில் கேட்டுச் சிரித்தார்
இரண்டு வருஷமாய் வட்டியே கட்டாத அருளானந்து.

நான் கணக்கு எழுதுகிறவள்.
நாள் எண்ணுவது என் பிழைப்பு.
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து
பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து
அந்தக் காலண்டரைப் போய்ப் பார்த்தேன்.
இருபது நாள் ஒரு கட்டு.
பதினெட்டுக் கட்டு ஏறத்தாழ ஒரு வருஷம்.
அப்புறம் இருபது இருபதாய்ப் பெருகி ஏறுகிறது.
பதின்மூன்று பெருங்கட்டு நிறைய
பதினெட்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் நாள்.
நிறைந்த மறுநாள்?
கடைசி இடத்தில் ஒன்று.
அவ்வளவுதான்.

பக்கம் தீர்ந்தால் நான் என்ன செய்வேன்?
அடியில் கூட்டுத்தொகை, ஒரு கோடு,
அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை.
கோடு போட்டதற்காகக் கடை இடிந்துவிடுமா?
அட்சய தீர்ந்து பிரபவ பிறந்தபோது
யார் வீட்டுக் கூரை விழுந்தது?
நாலாயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டாம் வருஷத்துக்கும்
அவர்கள் ஒரு தேதி வெட்டிவைத்திருக்கிறார்கள்,
தங்கள் ராஜா பட்டமேறிய நாள்
அன்றைக்கும் திரும்பி வருமென்று.
இந்த வெள்ளியோடு எல்லாம் போகுமென்று நம்பியவன்
அதற்கு ஏன் உளி எடுக்கிறான்?

கடை இருப்பது பங்காளிகள் பூட்டிய ஒரு வீட்டின் முன்கட்டில்.
பரணில் ரங்கூன் பேரேடு ஒன்று கிடக்கிறது.
1941 டிசம்பர். நெல் மூட்டை வரவு.
ஒரு பேரின் முதல் இரண்டெழுத்து.
அப்புறம் வெள்ளைத் தாள்,
வெள்ளைத் தாள்.
கோடும் இல்லை, கூட்டுத்தொகையும் இல்லை.
முடிவு வந்தால் அப்படித்தான் வரும்போல,
யாரிடமும் தேதி சொல்லாமல்.

வியாழக்கிழமை, கடை சாத்தும் நேரம்
சருகணிப் பக்கமிருந்து மாரிக்கண்ணு வந்தாள்.
முந்தானை முடிச்சில் ஆடு விற்ற பணம்.
காதுத் துளையில் வேப்பங்குச்சி.
சிவப்புக்கல் தோடு, அரைப்பவுன், மீட்கணும் என்றாள்.
நான் எண்ணியதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்,
இருபது, பதினெட்டு, பதின்மூன்று.
பொறுமையாகக் கேட்டாள்.
"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் ஆத்தா.
ஒருவேளை முடிஞ்சுச்சுன்னா
மூளிக் காதோட போய் நிக்க மாட்டேன்."
அதற்கு என்னிடம் கணக்கில்லை.
குச்சியை உருவித் தரையில் போட்டுவிட்டு
பீரோக் கண்ணாடியில் பார்த்துத் திருகாணி முடுக்கினாள்.
கூட்டும்போது அந்தக் குச்சிகள் துடைப்பத்தில் வந்தன.

வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு
ஊரே இருண்டது.
எதிர்க்கடையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.
ஒரு பிள்ளை வீறிட்டது.
பிறகு ஞாபகம் வந்து
எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டத் தொடங்கினார்கள்.
ஆறிலிருந்து ஏழு எங்கள் முறை.
வந்து மோதப்போகிற கிரகத்தைத் தேடி
வாசலில் இறங்கி அண்ணாந்து நின்றேன்.
மோதுகிற தூரத்தில் இருந்தால்
இந்நேரம் நிலாவை மறைக்க வேண்டுமே.
உச்சியில் அரை நிலா.
கிழக்கே வியாழன், தன் இடத்தில், தன்பாட்டுக்கு.
கரண்ட் ஏழு ஐந்துக்கு வந்தது.

திங்கட்கிழமை மாரிக்கண்ணு மறுபடி வந்தாள்.
தோடு காகிதப் பொட்டலத்தில்.
"உலகம் முடியலை ஆத்தா,
அரிசி முடிஞ்சு போச்சு."
எடை போட்டேன். மாறவில்லை.
புதுச் சீட்டு எழுதினேன், மீட்க வேண்டிய கடைசி நாள்
2013 டிசம்பர் இருபத்துநாலு.
அவள் குனிந்து ரேகை வைக்கையில் பார்த்தேன்,
காதில் குச்சி.
இப்போதுதான் ஒடித்தது, பச்சை.